நான்காம் பாகத்தில் சலித்தவர்கள்

'டியூன்' தொடரைப் படிக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஓர் அறிவுரை வந்துவிடும். "முதல் புத்தகத்தோட நிறுத்திக்கோ" என்பார் ஒருவர். "மூணு வரைக்கும் போகலாம், நாலாவதைத் தொட்டுடாதே" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் சற்றே குரலைத் தாழ்த்தி, "நாலாவதைப் படிக்கிறதுக்காகத்தான் மத்த மூணையும் படிக்கணும்" என்பார். இரண்டாமவர் விலக்குவதும் மூன்றாமவர் தலையில் தூக்கி வைப்பதும் ஒரே புத்தகம்தான்: ஃப்ராங்க் ஹெர்பர்ட் எழுதி 1981-ல் வெளிவந்த 'காட் எம்பரர் ஆஃப் டியூன்'.

டெனி வில்னுவ் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு நாவல்களுக்குள் வந்த நண்பர்கள் இப்போது ஒவ்வொருவராக இந்த நான்காம் பாகத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அவர்களோடு பேசிப் பேசி எனக்கு ஒரு தரப்பு உருவாகிவிட்டது. சலித்துப்போய்ப் புத்தகத்தை மூடியவர்கள் நாவலுக்கு நெருக்கமாக வந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதைக் கொண்டாடுகிறவர்களில் பலர் ஹெர்பர்ட் விரித்த வலையில் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. நாற்பது வருடத்துக்கு மேல் பழைய புத்தகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடரின் பிந்தைய பாகங்கள் மீதான கோபம் புதிதல்ல. 'டியூன்' இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்களால் திருப்பி அனுப்பப்பட்டு, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனத்தால் 1965-ல் நூலாக வந்தது. ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளையும் வாங்கியது. அதற்கு முன்பே அதைத் தன் 'அனலாக்' இதழில் தொடராகப் போட்டவர் ஜான் கேம்பல். அதே கேம்பல், அடுத்த பாகமான 'டியூன் மெசையா'வை வேண்டாம் என்றுவிட்டார். முதல் நூலில் வென்ற நாயகன் இதில் தன் வெற்றியின் விளைவுகளுக்குள்ளேயே சிக்கிச் சிதைவது அவருக்கு ஒப்பவில்லை. நாவல் 1969-ல் 'கேலக்ஸி' இதழில் வந்தது. ஆக, இந்தத் தொடரில் ஏமாந்துபோன முதல் வாசகர் அதன் முதல் ஆசிரியரேதான்.

ஹெர்பர்ட் அதற்கெல்லாம் அசரவில்லை. 'மெசையா'வில் பால் அட்ரெய்டீஸின் பெயரால் நடந்த புனிதப் போரில் செத்தவர்களின் கணக்கு 6,100 கோடி என்று பாலின் வாயாலேயே சொல்லவைத்தார். 1976-ல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் டியூன்' பாலின் மகன் லெட்டோவிடம் போனது. ஒன்பது வயதுச் சிறுவன், மணல்புழுக்களின் இளம்பருவ உயிரிகளைத் தன் தோல்மீது போர்த்திக்கொண்டு மனிதன் அல்லாத ஏதோ ஒன்றாக மாறத் தொடங்குகிறான். அதுவரை வாசகர்கள் கூடவே வந்துவிட்டார்கள். குடும்பம் இருக்கிறது, சதி இருக்கிறது, பாலைவனம் இருக்கிறது.

நான்காம் பாகம் அங்கிருந்து சுமார் 3,500 ஆண்டுகள் தாவுகிறது. பாலைவனம் போய்விட்டது. அராக்கிஸில் ஆறு ஓடுகிறது, காடு வளர்ந்திருக்கிறது. மணல் என்று மிச்சமிருப்பது சரீர் என்ற ஒரு பகுதி மட்டும். மணல்புழுக்கள் இல்லை. தெரிந்த முகங்களில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவன் லெட்டோ: ஏழு மீட்டர் நீளப் புழு உடல், அதன் ஒரு முனையில் மனித முகம். பெரும்பாலும் வண்டியில்தான் நகர்கிறான். எல்லோருக்கும் அவன்தான் அரசன், அவன்தான் கடவுள். இன்னொருவன் டங்கன் ஐடஹோ. முதல் நூலிலேயே செத்துப்போன அந்தப் போர்வீரனின் பிரதிகளை லெட்டோ வரிசையாகச் செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கிறான். ஒன்று செத்தால் அடுத்தது வரும்.

இனி நண்பர்களின் புகாருக்கு வருவோம். "கதையே இல்லப்பா. அந்தப் புழு பேசிக்கிட்டே இருக்கு." உண்மை. ஆரம்பத்தில் ஓநாய்கள் துரத்தும் ஒரு காட்சி வருகிறது. கடைசியில் ஒரு பாலம் உடைகிறது. நடுவில் பெரும்பகுதி உரையாடல். லெட்டோ தன் காரியதரிசி மொனியோவிடம் பேசுகிறான், டங்கனிடம் பேசுகிறான், தன் நாட்குறிப்பில் பேசுகிறான். எல்லா விவாதத்திலும் அவனே ஜெயிக்கிறான். அலுவலகத்தில் ஒரே ஆள் பேசி, அவரே கேள்வி கேட்டு, அவரே பதிலும் சொல்லி முடிக்கிற மீட்டிங்குகளில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் தெரியும். படிக்கப் படிக்கக் கொட்டாவி வருகிறது.

ஆனால் அந்தக் கொட்டாவியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். லெட்டோவின் அரசியல் திட்டம் என்ன? மனிதகுலத்துக்கு ஒரு நீண்ட, கட்டாயமான அமைதியைக் கொடுப்பது. விண்வெளிப் பயணத்தைச் சுருக்கி, போர்களை நிறுத்தி, மசாலா மொத்தத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் அவரவர் கிரகத்தில் அடைத்துப்போடுவது. மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் அப்படி அடைபட்டுக் கிடந்தால், அவன் செத்த மறுகணம் மனிதர்கள் திசைக்கொருவராகச் சிதறி ஓடுவார்கள். அதற்குப் பிறகு எந்த ஒற்றை ஆளும் எல்லோரையும் ஒரு பிடிக்குள் கொண்டுவர முடியாது. இதைத்தான் அவன் பொற்பாதை என்கிறான். அதாவது சலிப்புதான் அவனுடைய கருவி. அந்த ஆட்சியில் வாழ்பவர்கள் அனுபவிக்கும் மூச்சுமுட்டலை ஹெர்பர்ட் வர்ணித்துவிட்டுப் போகவில்லை, வாசகனுக்கும் அதில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறார். "எப்படா இவன் பேச்சை நிறுத்துவான்?" என்று கேட்கிற வாசகனும், அந்தப் பேரரசின் குடிமகனும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

வேண்டுமென்றே சலிக்கவைத்தால் சலிப்பு நியாயமாகிவிடுமா? ஆகாது. நானூறு பக்கத்தை அதை வைத்து ஓட்டுவது அதிகம் என்று எனக்கும் தோன்றுகிறது. நான் சொல்வது, அந்தச் சலிப்பு வாசிப்பின் தோல்வி அல்ல என்பது மட்டும்தான்.

இரண்டாவது புகார்: "பழைய ஆட்கள் எல்லாம் எங்கே?" இதே கேள்வியைக் கேட்பதற்கென்றே நாவலுக்குள் ஒருவன் இருக்கிறான். டங்கன் கண் விழித்ததும் தேடுவது தனக்குத் தெரிந்த அட்ரெய்டீஸ் குடும்பத்தை. அவன் விசுவாசம் வைத்த அந்தக் கண்ணியமான வீடு இருந்த இடத்தில் ஒரு புழு உட்கார்ந்திருக்கிறது. ராணுவம் முழுக்கப் பெண்கள். எல்லாம் அவனுக்கு அருவருப்பாக இருக்கிறது. முதல் பாகத்தைக் காதலித்துவிட்டு நான்காவதுக்கு வந்த வாசகனின் முகம்தான் டங்கனுடைய முகம். அவனுக்கு முன் வந்த டங்கன்களில் பலர் கடைசியில் லெட்டோவைக் கொல்லத்தான் கிளம்பினார்கள்.

இதைவிடக் கூர்மையான ஒரு ஏற்பாடு உண்டு. மியூசியம் ஃப்ரெமன். முதல் நூலில் பாலைவனத்தை ஆண்ட அந்த முரட்டு ஃப்ரெமன் இனத்தின் வாரிசுகள் இப்போது பழைய உடை போட்டுக்கொண்டு, அர்த்தம் மறந்த சடங்குகளை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டு, காட்சிப்பொருளாக வாழ்கிறார்கள். பாலைவனமே இல்லாத ஊரில் பாலைவன மக்கள். "முதல் பாகம் மாதிரியே இன்னொன்று எழுதேன்" என்று கேட்கும் வாசகனுக்கு ஹெர்பர்ட் கொடுத்த பதிலாகத்தான் இதை நான் பார்க்கிறேன். எழுதலாம். எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

அதை எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அடுத்த வருடமே, 1982-ல், ஐசக் அசிமோவ் 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' நாவலைக் கொண்டுவந்தார். பழைய மூன்று ஃபவுண்டேஷன் நூல்களில் கடைசியானது வந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளாகி இருந்தது. பதிப்பாளரும் வாசகர்களும் கேட்டுக் கேட்டு எழுதவைத்த புத்தகம் அது. எழுத உட்காரும் முன் தன் பழைய நூல்களைத் திரும்பப் படித்த அசிமோவ், இதில் எதுவுமே நடக்கவில்லையே, எல்லாம் பேச்சாக இருக்கிறதே என்று வியந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் அதே பாணியில் எழுதினார். புத்தகம் நன்றாக விற்றது, ஹியூகோ விருதும் பெற்றது. நானும் ரசித்துப் படித்தேன். வீட்டுக்குத் திரும்பிய நிறைவு அதில் இருக்கிறது. கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: பேச்சு மட்டுமே இருப்பது அசிமோவிடம் வாசகர்களுக்குக் குறையாகப் படவில்லை. அங்கே ஒவ்வொரு உரையாடலும் ஒரு புதிரை அவிழ்க்கிறது, நம்மைப் புத்திசாலியாக உணரவைக்கிறது. லெட்டோவின் பேச்சு நம்மைச் சின்னவர்களாக்குகிறது. ஆக, வாசகர்களின் பிரச்சினை பேச்சு அல்ல, அந்தப் பேச்சின் முன்னால் தாங்கள் எங்கே உட்காரவைக்கப்படுகிறோம் என்பதுதான்.

இனி மூன்றாமவரிடம் வருகிறேன். குரலைத் தாழ்த்திப் பேசிய அந்தக் கொண்டாட்டக்காரர். அவர் சொல்வது இதுதான்: "லெட்டோதான் உண்மையான தியாகி. மனித உடலை, காதலை, எல்லாத்தையும் இழந்து மனிதகுலத்தைக் காப்பாத்தினான். பால் பயந்து விட்டுட்டுப் போனதை இவன் செஞ்சு முடிச்சான்." இந்த வாசிப்பு என்னைக் கவலைப்படவைக்கிறது.

முதல் நூலைப் படித்தவர்கள் பாலை மீட்பனாகக் கும்பிட்டார்கள். கவர்ச்சியான தலைவர்களை நம்பாதே என்பதுதான் தன் தொடரின் அடிநாதம் என்று ஹெர்பர்ட் பல இடங்களில் சொன்னார். 'மெசையா'வில் அதைப் போட்டு உடைத்தார். அப்படியும் நான்காம் பாகத்தில் அதே கும்பிடு இன்னும் பெரிய சாமிக்குப் போகிறது. இந்தமுறை கேட்கப்பட்ட விலை மூவாயிரத்துச் சொச்சம் வருட அடிமைத்தனம். அதையும் "நல்லதுக்குத்தானே" என்று சொல்லிவிடுகிறோம்.

பொற்பாதை உண்மையில் தேவைதான் என்று நமக்கு யார் சொன்னது? லெட்டோ சொன்னான். நாவலே பெருமளவு அவனுடைய நாட்குறிப்பை ஒட்டித்தான் நகர்கிறது. எதிர்காலத்தில் யாரோ கண்டெடுக்க வேண்டும் என்று அவனே ஒளித்துவைத்த ஏடுகள் அவை. டார் எஸ் பலாட் என்ற இடத்தில் அவற்றைத் தோண்டி எடுத்தவர்களின் குறிப்போடுதான் புத்தகம் தொடங்குகிறது. ஒரு சர்வாதிகாரி தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த விளக்கத்தை, அவன் தேர்ந்தெடுத்த வாசகர்களாக நாம் படிக்கிறோம். ஒரு சிஸ்டம் சரியாக வேலை செய்ததா என்பதற்கு அந்த சிஸ்டமே எழுதிய பதிவேட்டை மட்டும் ஆதாரமாகக் காட்டினால் என் வேலையில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நாவல் என்றதும் ஒத்துக்கொள்கிறோம்.

இதற்கு ஒரு பதில் உண்டு. சியோனாவும் பார்த்தாளே? மொனியோவின் மகள், லெட்டோவை வெறுக்கும் கலகக்காரி. லெட்டோ அவளைச் சரீர் பாலைவனத்துக்குள் தனியே நடத்திச் செல்கிறான். தாகத்தில் சாகக் கிடக்கும்போது அவன் உடலில் சுரக்கும் மசாலாச் சாற்றைக் குடிக்கிறாள். இயந்திரங்கள் கடைசி மனிதர்களையும் வேட்டையாடி முடிக்கிற எதிர்காலம் அவள் கண்முன் விரிகிறது. அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. சரி, பிறகு என்ன செய்கிறாள்? காலில் விழுகிறாளா? அதே பாலைவனத்தில் மழைத்துளி பட்டு அவன் துடிப்பதைப் பார்க்கிறாள். தண்ணீர் அவனைக் கொல்லும் என்று மனதில் குறித்துக்கொள்கிறாள். பின்னால் அவன் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பாலம் அறுபடுகிறது, அவன் நீரில் விழுந்து கரைந்துபோகிறான்.

எனக்கு இந்த நாவலில் முக்கியமான மனுஷி சியோனாதான். அவள் ஒருவனுடைய நியாயத்தைப் புரிந்துகொள்கிறாள், ஆனால் அதற்காக அவன் கணக்கை நேர்செய்துவிடவில்லை. "இது அவசியமாக இருந்திருக்கலாம். அதற்காக நீ செய்ததை நான் மன்னிக்க வேண்டியதில்லை." அவள் வாய்விட்டு இப்படிச் சொல்வதில்லை. ஆனால் அவள் நடந்துகொள்வது இப்படித்தான். அவள் வம்சத்தை எதிர்காலம் பார்ப்பவர்களின் கண்ணுக்குத் தென்படாத வகையில் பல தலைமுறைகளாக வளர்த்தெடுத்ததும் லெட்டோவேதான். தன் கண்ணுக்கே தெரியாத ஒருத்தியை உருவாக்க வேண்டும் என்பதே அவன் திட்டம். ஆகவே, அவனைக் கும்பிடும் வாசகனைவிட அவன் விரும்பிய வாசகி இவள்தான்.

நாவலின் குறைகளை இந்த வாதத்துக்குள் ஒளித்துவைக்க எனக்கு மனமில்லை. லெட்டோ காதலிக்கும் ஹ்வி நோரி, அவனைக் கவர்வதற்கென்றே வளர்க்கப்பட்டவள் என்று கதை சொல்கிறது. அது ஒரு பயங்கரமான யோசனை. ஆனால் ஹெர்பர்ட் அவளுக்கு நற்குணத்தைத் தவிர எதையும் தரவில்லை. அந்தப் பயங்கரத்தை அவள் உள்ளிருந்து ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். ராணுவங்களையும் தன்பாலின ஈர்ப்பையும் முடிச்சுப்போட்டு வரும் பேச்சு அபத்தமானது. அந்தக் காலம் அப்படி என்று கடந்துபோக எனக்குத் தோன்றவில்லை. லெட்டோவை எதிர்த்து ஒருவர்கூட வலுவாக வாதிடாதது, அவனுடைய ஆட்சியின் இயல்பு என்று எடுத்துக்கொண்டாலும், நாவலாசிரியர் தன் பாத்திரத்தின் குரலில் மயங்கிவிட்டாரோ என்ற சந்தேகத்தை எழுப்புகிறது. சில அத்தியாயங்களில் லெட்டோ எங்கே முடிகிறான், ஹெர்பர்ட் எங்கே தொடங்குகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதனால்தான் சலித்தவர்களின் குரல் இந்தப் புத்தகத்துக்கு அவசியப்படுகிறது. "போதும்டா சாமி" என்று ஒருவர் புத்தகத்தை மூடும்போது, அந்தப் பேரரசுக்குள் யாரும் துணிந்து சொல்லாததைச் சொல்கிறார். என்னுடைய வேண்டுகோள், மூடிய இடத்திலிருந்து சரீர் பாலைவனக் காட்சி வரைக்கும் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்பதுதான். எரிச்சலை விட்டுவிட வேண்டாம், கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். சியோனாவும் அதோடுதான் போனாள்.