கிளவுசர் மின்னோவின் கருமணி

கிளவுசர் மின்னோ என்ற தூண்டில் ஃப்ளைக்குக் கண்தான் எடை, கண்தான் முகம். முள்தண்டின் மேல் கண்ணாகக் கட்டிய ஈய டம்பெல் ஃப்ளையையே புரட்டிப்போட்டு முள்முனையை மேல்நோக்க வைக்கிறது. இழுத்து விடும் ஒவ்வொரு முறையும் தலை முதலில் இறங்கச் செய்கிறது. 1980களின் நடுவில் வாப்ஸி நிறுவனத்தின் டாம் ஷ்மூக்கர் அனுப்பிய ஈயக் கண்களைக் கொண்டு, பென்சில்வேனியாவின் மிடில்டவுனில் பாப் கிளவுசர் சஸ்குவஹானா ஆற்றின் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்காக இதைக் கட்டினார். பெயர் சூட்டி ஊரறியச் செய்தவர் மீன்பிடி எழுத்தாளர் லெஃப்டி கிரே. அந்த எடையைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. டம்பெல்லின் இரண்டு முகங்களில் ஏறும் வண்ணத்தைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

ஃப்ளைக்குக் கண் வைக்கும் வழக்கம் ஈயத்துக்கு முந்தியது. கேரி ஸ்டீவன்ஸின் கிரே கோஸ்ட் ஃப்ளையில் கண்ணாக நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. இந்தியா ஏற்றுமதியைத் தடுத்த பிறகு அது கிடைப்பதற்கு அரிய பொருளாகிவிட்டது. கீத் ஃபுல்ஷரின் தண்டர் கிரீக் வரிசையில் தலையிலேயே லாக்கரால் கண் தீட்டினார்கள். அமெரிக்க அஞ்சல் துறை 1991இல் வெளியிட்ட ஐந்து ஃப்ளை அஞ்சல்தலைகளில் ஒன்றான லெஃப்டிஸ் டிசீவருக்கும் தீட்டிய கண்தான். தூரிகையும் குண்டூசியும் பழகிய அந்தக் கைகளுக்கு, டம்பெல் வந்தபோது தட்டையான ஒரு முகம் கிடைத்தது.

முதலில் உலோகம். 1/36 அவுன்ஸ் கண் ஏறத்தாழ 0.8 கிராம், 1/24 அவுன்ஸ் 1.2 கிராம். ஈயத்துக்குப் பதில் பித்தளையில் அதே எடை வேண்டுமென்றால் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடும், அதாவது தீட்டுவதற்கு இடம் அதிகம். டங்ஸ்டனில் ஆறில் ஒரு பங்கு குறையும். டங்ஸ்டன் வேகமாக இறங்குவது உண்மை; ஆனால் முகம் சிறுத்துக் கருமணிக்கு இடமில்லாமல் போகிறது. மாசசூசெட்ஸின் உள்நாட்டு நீர்நிலைகளில் லூன் பறவைகளைக் காக்க ஒரு அவுன்சுக்கும் குறைந்த ஈயத் தூண்டில் குண்டுகளையும் ஜிக்குகளையும் 2012 முதல் தடை செய்திருக்கிறார்கள். அந்த அக்கறையை மதித்துப் பித்தளைக்கு மாறியவர்களுக்கு அழகிலும் நஷ்டமில்லை.

ஈயத்தின் மேல் படிந்த சாம்பல் பூச்சை வினிகரில் போட்டு எடுத்து, கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் ஓடு ஓடாகப் பெயரும். பொடி வண்ணம் பூசுகிறவர்கள் கண்ணைச் சூடாக்கித் தோய்த்து, 175 டிகிரி செல்சியஸ் அளவில் அடுப்பில் இறுக்குகிறார்கள். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும் என்பதால் உலோகத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த அடுப்பில் பிறகு சாப்பாடு வைக்கக் கூடாது. தூரிகையால் பூசினால் முகங்கள் மட்டும் போதும். நூல் ஏறும் இடுப்பில் வண்ணம் தடித்தால் கண் தண்டின் மேல் புரண்டுகொண்டே இருக்கும். மஞ்சளோ சிவப்போ எதுவானாலும் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு கட்டாயம். அது இல்லாத மஞ்சள் ஈயத்தின் மேல் அழுக்குப் பச்சையாகத் தெரியும்.

கிளவுசருக்குப் பிடித்தது அடர்சிவப்பில் கறுப்புக் கருமணி. அகலமாகவும் ஆழமில்லாமலும் ஓடும் சஸ்குவஹானாவுக்கு அது பொருந்தும். ஆனால் நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. ஆழக் கடலில் அந்தச் சிவப்பு கறுத்துப்போய்க் கருமணியும் அதற்குள் கரைந்துவிடும். அங்கே மஞ்சளோ வெள்ளையோதான் சரி. சுற்று வண்ணத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்: கண்ணைக் கண்ணாக்குவது கருமணி, மற்றதெல்லாம் அதற்குப் பின்னணி.

கருமணிக்குத் தூரிகை உதவாது. குண்டூசித் தலை, ஆணித் தலை, துளைக்கம்பியின் மொட்டை முனை என்று அளவுக்கு ஏற்ப மூன்று நான்கு வைத்துக்கொள்ள வேண்டும். வண்ணம் ஒற்றைக் கம்பிப் பாகுப் பதத்தில் இருக்க வேண்டும். நீர்த்திருந்தால் விளிம்புவரை ஓடும்; இறுகியிருந்தால் ஊசியை எடுக்கும்போது நடுவில் வால் எழும். தலையின் நுனியில் மட்டும் வண்ணம் தொட்டு, செங்குத்தாக இறக்கி, அழுத்தாமல் ஒரு கணம் நிறுத்தி, செங்குத்தாகவே தூக்கினால் துளி தானாக வட்டமாகப் பரவும். கை சாய்ந்தால் முட்டை வடிவம். மையம் தவறினால் மாறுகண். முகத்தின் விட்டத்தில் பாதிக்குச் சற்று மேலே வரும் கருமணியே சிறந்தது. அதைவிடச் சிறியது ஃப்ளைக்கு மிரண்ட பார்வை தருகிறது. சின்ன மீனின் கண்ணில் கறுப்புத்தான் நிறைந்திருக்கும். ஒரு பக்கம் உலர்ந்த பிறகே மறுபக்கம்.

மீன் இதையெல்லாம் பார்க்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கிரேஸி சார்லி என்ற ஃப்ளையின் வெறும் மணிச்சங்கிலிக் கண் போன்ஃபிஷைப் பிடிக்கவில்லையா என்பார்கள். பிடிக்கிறது. ஆனால் அது தரையைக் கிளறும் இறாலின் கண். மின்னோ, துரத்திக் கடிக்கும் மீனுக்கு முன்னால் ஓடுகிறது. துரத்தும் மீன் தலையைக் குறிவைக்க ஓர் அடையாளம் வேண்டும்.

மேல்பூச்சில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. கருமணி ஓர் இரவு முழுதும் உலராமல் லாக்கரோ நகப்பூச்சோ ஏறினால் கறுப்பு கலங்கி இழுபடும். இருபாக எபாக்ஸி இறுகும்வரை கண்ணைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலப்போக்கில் பழுப்பதும் அதன் குணம். புற ஊதா விளக்கில் இறுகும் பிசின் சில நொடிகளில் வேலையை முடிக்கிறது. புதிய வசதிகளில் மனமார ஏற்கத்தக்கது இது ஒன்றுதான்.

மற்ற வசதிகள் கலையைக் கெடுத்துவிட்டன. இப்போது பெட்டிகளில் நிறைந்திருப்பவை குழிந்த முகத்தில் மினுக்கும் ஸ்டிக்கர் ஒட்டியவையும் அச்சு இயந்திரம் குத்தியவையும்தான். ஸ்டிக்கர் கல்லில் ஒருமுறை உரசினால் போயிற்று. அச்சுக் கண்ணில் எல்லா எடைக்கும் ஒரே விகிதக் கருமணி, அதுவும் பெரும்பாலும் சிறியது. பதினைந்து ஆண்டுகளாக ஃப்ளை கட்டுபவர்களில்கூடக் குண்டூசித் தலையைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். கடைக்குப் போகிறவர்கள் வண்ணம் பூசாத வெற்றுக் கண்களையே கேட்டு வாங்கட்டும். கேட்கிற ஆள் இருந்தால்தான் கடைக்காரர் வைப்பார்.