பழிச்சொல்லிலும் ஒரு புகழாசை

முகஸ்துதி என்றதும் கையில் தவழும் தஸ்பீஹ் மணியும் நெற்றித் தழும்புமே நம் நினைவுக்கு வருகின்றன. பக்தியைக் காட்டிப் புகழ் தேடுவோரை இனங்காண்பது எளிது. பக்தியை மறைப்பதுபோல் காட்டிப் புகழ் தேடுவோரை இனங்காண்பதுதான் அரிது. அவ்வரிய பணியை 11-ஆம் நூற்றாண்டிலேயே செய்த நூல் ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’. கஜ்னியில் தோன்றி லாகூரில் அடங்கியுள்ள ஹஜ்ரத் அலீ ஹுஜ்வீரீ (ரஹ்) அவர்கள் பார்ஸி மொழியில் இயற்றியது. சூஃபி நெறி பற்றி அம்மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்று. அதில் ‘மலாமத்’ என்னும் பழிப்பைப் பற்றிய அத்தியாயமே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மலாமத்திய்யா வழி 9-ஆம் நூற்றாண்டில் குராசானின் நைஷாபூரில் தோன்றியது. அதன் முன்னோடிகளுள் ஹம்தூன் அல்-கஸ்ஸார் (மறைவு 884) தலையாயவர். நன்மையை ஒளித்துவை, உலகம் இகழ்ந்தால் இகழட்டும் என்பது அதன் சாரம். நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் பின்வந்தோருள் சிலர், இகழ்ச்சி தானே வரும்வரை பொறுத்திராமல், அதை வலியத் தேடிப் புறப்பட்டனர். இவர்களைத்தான் ஹுஜ்வீரீ கேள்விக்கு உள்ளாக்குகிறார். ஊரார் மெச்ச வேண்டுமென்று நடிப்பவனும், ஊரார் வெறுக்க வேண்டுமென்று நடிப்பவனும் ஊராரையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருவர் நெஞ்சிலும் இறைவனுக்கு இடமில்லை என்பது அவருடைய தீர்ப்பு.

பாயஸீத் பிஸ்தாமீ (ரஹ்) பற்றிய நிகழ்ச்சியையும் அவர் எடுத்துரைக்கிறார். ஹிஜாஸிலிருந்து திரும்பும் வழியில், ரமலான் மாதத்தில், அப்பெரியார் ரய் நகருக்குள் நுழைகிறார். மக்கள் சூழ்ந்துகொள்ள, அவர் மனம் சிதறுகிறது. கடைத்தெருவில் சட்டைக்கையிலிருந்து ரொட்டியை எடுத்து உண்கிறார். கூட்டம் கலைகிறது. பயணிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதைக் கூட்டம் எண்ணிப் பார்க்கவில்லை! இதையொட்டி ஹுஜ்வீரீ கூறுவது சுவையானது. அக்காலத்தில் பழி சம்பாதிக்க வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் செய்யவேண்டியிருந்ததாம். தம் காலத்திலோ நபில் தொழுகையைச் சற்று நீட்டினாலே போதுமாம். வேடதாரி என்று சொல்லிவிடுவார்களாம்.

இதே பொருளை இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ‘இஹ்யா’வில் உடல், உடை, சொல், செயல், உடனிருப்போர் என்று வகுத்து, மருத்துவர் நோய்க்குறி எழுதுவதுபோல் எழுதுகிறார். ஹுஜ்வீரீயின் முறை வேறு. அவர் தம்மீது பட்டதைச் சொல்கிறார். குராசானில் ஒரு சிற்றூரின் கான்காஹில் சூஃபி வேடத்தவர் சிலர், முரட்டுக் கந்தலாடையில் வந்த அவரைக் கீழ்மாடியில் இருத்திப் பூசணம் பூத்த ரொட்டியைக் கொடுத்துவிட்டு, மேல்மாடியில் மணக்க மணக்க உண்டார்கள். தின்ற முலாம்பழத் தோலை அவர்மேல் எறிந்தார்கள். எறிய எறிய அவர் மனப்பாரம் குறைந்ததாம். அவர் தேடிப்போகாத பழிப்பு அது. அத்தியாயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். இலக்கணம் கூறும் பகுதிகள் இத்துணை நிற்கவில்லை.

ஆனால் வாசகர் ஒன்று கேட்கலாம்: புகழாசையை இவ்வளவு கடிந்தவர், நூலின் தொடக்கத்திலேயே தம் பெயரைப் பொறித்தது ஏன்? கேட்க வேண்டிய கேள்விதான். அவரே விடையும் எழுதியிருக்கிறார். அவருடைய கவிதைத் தொகுப்பை ஒருவர் இரவல் வாங்கிப்போய்த் தம்முடையதாக்கிக் கொண்டார். மற்றொரு நூலுக்கும் அதே கதி நேர்ந்தது. அவ்விரு நூல்களும் இன்று நம்மிடம் இல்லை. பெயர் பொறித்த இந்நூல் இருக்கிறது.