திருக்கிண்ணமும் கரிய வாளும்

இறையடியாரின் எலும்பு, உடை, அவர் கையாண்ட பொருள் ஆகியவற்றைக் கத்தோலிக்கத் தமிழர் அருளிக்கம் என்பர். ஐரோப்பியக் கற்பனையை நெடுங்காலம் ஆட்கொண்ட அருளிக்கமாகிய திருக்கிண்ணம், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரெத்தியேன் த த்ருவா முடிக்காமல் விட்ட பெர்சவால் காவியத்தில் ஒற்றை அப்பம் ஏந்திய கலமாகவே தோன்றுகிறது. அதனை இயேசுவின் இறுதி இராவுணவுக் கிண்ணமாக்கியவர் பின்வந்த ரொபேர் த பொரோன்.

இத்தொன்மத்தில் இருளைப் புகுத்தியது இக்கால மிகுபுனைவே என்பது பிழை. 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட மாலரியின் ஆர்தர் கதைநூலில், வாள் முறிந்து அறை அறையாக ஓடும் பாலின் என்னும் வீரன், பொன் மேசைமேல் கிடந்த ஈட்டியை அதன் வரலாறு அறியாமல் எடுத்து மன்னன் பெல்லாமைக் குத்துகிறான். அது இயேசுவின் விலாவைத் துளைத்த ஈட்டியாதலால் கோட்டை இடிந்து வீழ, மூன்று நாடுகள் பாழாகின்றன. புனிதம் தகுதியற்ற கை பட்டால் சுடும் என்னும் இந்நியதியே இம்மரபின் உரைகல்.

அந்நியதியை வழுவாது காத்தவர் சார்ல்ஸ் வில்லியம்ஸ். அவரது ‘வார் இன் ஹெவன்’ (1930) புதினத்தில் சிற்றூர்த் தேவாலயமொன்றின் பழங்கிண்ணத்தைச் சூனியத்துக்காகக் கவர முயல்வோர்க்கு எதிரே, குரு ஒருவர் வேண்டுதலைத் துணையாகக் கொண்டு நிற்கிறார். தீயோரும் கிண்ணத்தின் ஆற்றலை உளமார நம்புவதாலேயே அக்கதை அச்சுறுத்துகிறது. மேரியன் சிம்மர் பிராட்லியின் ‘மிஸ்ட்ஸ் ஆஃப் அவலான்’ (1983) வேறு நெறியினது: தேவி வழிபாட்டுக்குரிய கலம் கிறித்தவத் திருப்பலிக்கு எடுத்துச் செல்லப்படுவதாகக் கூறுவதால், அங்கே கறைபடிவது பொருளன்று, அதன் உரிமை வரலாறே.

தலைகீழாக்கும் நெறியில் முதலிடம் மைக்கேல் மூர்காக்குக்கு உரியது. தகுதியுடைய அரசனுக்கு அருளப்பட்ட ஆர்தரின் வாளுக்கு நேர்மாறாக, அவரது கதைத்தலைவன் எல்ரிக்கின் கரிய வாள் ஸ்டார்ம்பிரிங்கர், வெட்டுண்டோரின் உயிரைக் குடித்து நலிந்த தன் தலைவனுக்கு வலிமை ஊட்டுகிறது; அவ்வலிமைக்கு விலையாக, 1961இல் வெளிவந்த முதற் கதையிலேயே அவன் காதலி சிமோரில் அதற்கு இரையாகிறாள், இறுதியில் அவனும் இரையாகிறான். மூர்காக்கின் வழிவந்த சபிக்கப்பட்ட வாள்கள் பலவற்றில் சாபம் வெறும் அணியாக நின்றுவிடுகிறது. ஏந்துபவன் இழப்பது ஏதுமில்லையெனில் அப்பொருளில் புனிதமும் இல்லை, இருளும் இல்லை. இம்மரபைப் பயிலப் புகுவோர் மாலரியின் பாலின் பகுதியை முதலில் படித்துவிட்டு எல்ரிக் கதைகளுக்கு வருதல் வேண்டும்.