பந்தைத் திருப்பி எறிய ஓர் ஆள்

2022 மார்ச் 20 அன்று மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அப்போது அவருக்கு வயது 13. தூரம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் 13 மணிக்குச் சற்று அதிகம். ஆட்டிசமும் பேச்சுத் தாமதமும் உள்ள பெண் அவர். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு நம்பிக்கை வலுக்கிறது: பிள்ளையை நாலு சுவருக்குள் வைக்காமல் வெளியே விளையாட விட்டால் பேச்சு வந்துவிடும், நாலு பேரோடு பழகவும் வந்துவிடும். தெரபிக்குப் பதிலாக விளையாட்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. ஆனால் அதை ஜியாவின் சாதனை மேல் ஏற்றிவைப்பது சரியில்லை. கடலில் நெடுந்தூரம் நீந்துவது தனியாளின் விளையாட்டு. அதில் தெரிவது உடலின் வலு, மனத்தின் உறுதி, கடற்படையில் பணியாற்றும் தந்தையும் குடும்பமும் பல ஆண்டுகளாகக் கூடவே நின்ற உழைப்பு. பக்கத்தில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது, முறைக்குக் காத்திருப்பது, வேண்டியதைக் கேட்டு வாங்குவது, இன்னொருவர் விரல் நீட்டிய திசையில் தானும் பார்ப்பது, இவையெல்லாம் சேர்ந்ததுதான் சமூகத் தொடர்பாடல். வாய்ப்பேச்சு அதில் ஒரு பகுதி மட்டும். நன்றாகப் பேசும் குழந்தைக்கும் இது கடினமாக இருக்கலாம். ஒரு சொல்லும் பேசாத குழந்தை இதில் சிலவற்றை அழகாகச் செய்யலாம்.

விளையாட்டு இதற்கு உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. தைவானில் சியென்-யூ பான் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 16 சிறுவர்கள் 10 வாரம் நீச்சல் பயின்றார்கள். நீச்சலோடு சமூக நடத்தையும் மேம்பட்டது. ஈரானில் பஹ்ராமி குழுவினர் 30 பேரை இரு பாதியாக்கி, ஒரு பாதிக்கு 14 வாரம் கராத்தே அடவுகள் கற்பித்தார்கள். அவர்களிடம் தொடர்பாடல் குறைபாடு குறைந்ததாக 2016இல் எழுதினார்கள். பெற்றோர் இவற்றை அறிந்துகொள்ள வேண்டும். கூடவே இன்னொன்றையும் அறிய வேண்டும். 16 பேர், 30 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. முன்னேற்றத்தை அளந்தது பெரும்பாலும் ஆசிரியரோ வீட்டாரோ நிரப்பிய படிவம். பிள்ளை பயிற்சிக்குப் போகிறான் என்று தெரிந்தவர்களின் கண்ணுக்கு முன்னேற்றம் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும்.

ராபின் கேப்ரியல்ஸ் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2015இல் வெளிவந்த குதிரையேற்ற ஆய்வு இந்த வகையில் மேலானது. 6 முதல் 16 வயது வரை 127 பேர், 10 வாரம். ஒரு குழுவுக்குக் குதிரைச் சவாரி. மற்றக் குழுவுக்கும் அதே லாயம், அதே மாதிரிப் பாடம், ஆனால் குதிரையோடு பழக்கம் கிடையாது. சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் பரபரப்பும் குறைந்தன, தொடர்பாடல் கூடியது, பேசிய சொற்களும் பெருகின. வெளிக்காற்றும் புது இடமும் இரு குழுவுக்கும் பொதுவாகக் கிடைத்தன. வித்தியாசம் குதிரை. ஏன் குதிரை? என் கணிப்பு இது: குதிரை உடனுக்குடன் மறுமொழி தரும் உயிர். கடிவாளத்தை இழுத்தால் நிற்கும், தட்டினால் நடக்கும். குழந்தை ஒன்றைச் சொன்னதும் எதிரே ஒன்று நடக்கிறது. சொல்வதற்குப் பலன் உண்டு என்று தெரிந்த பிறகு யாருக்கும் இன்னொரு முறை சொல்லத் தோன்றும்.

குதிரையை நம்மூருக்குக் கொண்டுவர முடியாது. கொண்டுவர வேண்டிய தேவையும் இல்லை. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கும் ஐயம்பேட்டையில் நெசவாளர்களுக்கு இந்த உடனுக்குடனான மறுமொழி கைவழியாகவே தெரியும். கோர்வைப் பட்டுச் சேலை நெய்யும்போது உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தறியில் உட்கார்ந்தவர் ஒரு பக்கம் நாடா எறிய, எதிர்க் கரைப் பக்கம் உதவியாள் ஒருவர் இருந்து எறிய வேண்டும். அவர் கை தாமதித்தால் இவர் நிற்பார். இவர் மிதிப்பது மாறினால் அவர் கவனிப்பார். மணிக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமலே இருவரும் ஓயாமல் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டு குழந்தைகள் பந்தை மாற்றி மாற்றி எறிவதும் இதே வேலைதான். விளையாட்டு குழந்தைக்குத் தருவது தொடர்பாடலுக்கான காரணத்தை. எதிர்ப்பக்கம் ஆள் இல்லாவிட்டால் அந்தக் காரணமும் இல்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எல்லா வெளி விளையாட்டும் ஒரே தரம் ஆகாது. தெருக் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். யார் எங்கே நிற்பது, எதற்குச் சண்டை, எப்போது விதி மாறியது என்று யாரும் சொல்லமாட்டார்கள்; மற்றவர்களுக்குத் தானாகவே புரியும். ஆட்டிசக் குழந்தைக்குப் புரியாமல் போவது சரியாக அந்தச் சொல்லப்படாத பகுதிதான். கபடியில் தொடுதலும் அமுக்கிப் பிடித்தலும் உண்டு. இறுக்கிப் பிடித்தால் அமைதியாகும் குழந்தைக்கு அது விருந்து. யார் கை பட்டாலும் துடிக்கும் குழந்தைக்கு அது வதை. ஐஸ்பாய் விளையாட இன்னொருவர் எங்கே தேடுவார் என்று ஊகிக்க வேண்டும். அதுவே கடைசியாக வரக்கூடிய திறன்.

பாண்டி ஆட்டம் வேறு வகை. அடுத்து எங்கே கால் வைப்பது என்று தரையில் கோடே சொல்லிவிடுகிறது. சில்லு எந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. கோட்டை மிதித்தால் அடுத்தவர் முறை. சச்சரவு குறைவு, காத்திருப்பும் சில நொடிகள்தான். அடுத்து என்ன வரும் என்பதைப் படமாகக் காட்டுங்கள் என்று சிறப்புப் பயிற்றுநர்கள் சொல்வதைச் சுண்ணக்கட்டித் துண்டு ஒன்று செய்து முடித்துவிடுகிறது. கல்லா மண்ணாவும் நல்லது: கேள்வி ஒன்று, பதில் ஒன்று, விதி ஒன்று. சிலம்பமும் அப்படியே, எண்ணிக்கையோடு கூடிய அடவு, கைக்கெட்டாத இடைவெளியில் எதிராளி. கராத்தே ஆய்வில் பயன்பட்டது எதுவோ அது சிலம்பத்திலும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆராய்ச்சி செய்ய வேண்டிய இடம் இது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் சிலம்ப ஆசான்களுக்குப் பஞ்சமில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு வழக்கம் உண்டு. சிறியவனை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை. பெயர் புண்படுத்துவது, ஆனால் அதற்குள் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: தோற்கும் பயமின்றி ஓரத்தில் நின்று விதியைக் கற்றுக்கொள்ள இடம் கிடைக்கிறது. மற்றக் குழந்தைகள் ஓராண்டில் அந்த நிலையைத் தாண்டி ஆட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். ஆட்டிசக் குழந்தை அங்கேயே நின்றுவிடுகிறது. பள்ளித் திடலில் அவனை எல்லைக் கோட்டருகே நிறுத்திவிட்டு, சேர்த்துக்கொண்டோம் என்று நிறைவடைகிறோம். அவனிடம் பந்து வருவதில்லை, வந்தாலும் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஒருங்கிணைத்த விளையாட்டு என்ற பேரில் நடப்பவற்றில் மிகப் பெரிய குறை இதுதான் என்று சொல்வேன். குழந்தை கூட்டத்துக்குள் நிற்பதும் கூட்டத்தோடு விளையாடுவதும் ஒன்றல்ல.

இதை மாற்ற முடியும் என்பதற்கு வழி காட்டியவர் கோனி கசாரி. 2012இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், சாதாரண வகுப்பில் படிக்கும் 60 ஆட்டிசக் குழந்தைகளில் சிலருக்கு நேரடிப் பயிற்சி தரப்பட்டது. வேறு சிலர் விஷயத்தில் அவர்களோடு படிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரப்பட்டது. வகுப்பின் நட்பு வட்டத்துக்குள் ஆட்டிசக் குழந்தை இடம்பெற, சகபிள்ளைகளுக்குத் தந்த பயிற்சியே அதிகம் உதவியது. இதே ஆண்டில் டேமியன் மில்டன் என்ற ஆட்டிச ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவரே, ஒரு வாதத்தை முன்வைத்தார்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியாதது போலவே மற்றவருக்கும் அவரைப் புரிவதில்லை. பிறகு 2020இல் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர், ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு செய்தியை ஒருவர் மாற்றி ஒருவர் கடத்தும்போது மற்றவர்களுக்கு இணையாகவே செய்கிறார்கள் என்று காட்டினார்கள். அப்படியிருக்க, கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே என்று திடலிலும் தொடர்ந்து திருத்துவது எதற்கு? பந்தைப் பிடிக்கும்போது அவன் கண் பந்தின் மேல்தான் இருக்க வேண்டும். மகிழ்ச்சியில் கையை உதறினால் உதறட்டும்.

வெளியே விடுவதில் உள்ள ஆபத்தை மென்று விழுங்கக் கூடாது. அமெரிக்காவில் 2012இல் வந்த ஆய்வு ஒன்று, 4 வயதுக்கு மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டுத் தாமாக வெளியேற முயன்றதாகச் சொன்னது. 2017இல் குவானும் லீயும் எழுதியது இதைவிடக் கொடுமை: 15 வயதுக்குக் கீழ் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு ஆட்டிசக் குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிட 160 மடங்கு. காஞ்சிபுரம் ஏரி மாவட்டம். வாலாஜாபாத் பக்கம் தென்னேரி போன்ற பேரேரியும் உண்டு. கோயில் குளங்களும் வயல் கிணறுகளும் எத்தனையோ. இத்தகைய ஊரில் நீச்சலைத் தொடர்பாடலுக்காகக் கற்றுத்தருவது இரண்டாம்பட்சம். உயிருக்காக முதலில் கற்றுத்தர வேண்டும். வெயிலும் அப்படித்தான். தாகமாக இருக்கிறது, கால் சுடுகிறது என்று சொல்லத் தெரியாத குழந்தையை ஏப்ரல் பகலில் திடலில் நிறுத்துவது பயிற்சியாகாது. திருவிழா நாளில் வெடியும் மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்தால் அன்றைய விளையாட்டையே விட்டுவிடுவது நல்லது. அன்று அடையும் கலக்கம் ஒரு வாரத்து முன்னேற்றத்தைத் தின்றுவிடும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை அது பட்டியலிடும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. விளையாட்டுக்கென்றே அதில் தனிப் பிரிவு உண்டு. நிறுவனங்களும் இருக்கின்றன. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. ஆனால் ஐயம்பேட்டையிலிருந்து குழந்தையோடு அங்கே போய்வந்தால் அன்றைக்குத் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். அருகில் இருப்பது ஒன்றிய வள மையமும் அதன் சிறப்புப் பயிற்றுநர்களும்தான். உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3ஐ ஒட்டி நடக்கும் விளையாட்டுப் போட்டிகள் குழந்தைக்கும் வீட்டாருக்கும் பெருமை தருபவை, அவற்றை வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் ஓடிய ஓட்டத்தால் தொடர்பாடல் வளராது. புது முகங்களும் கூச்சலும் நிறைந்த அந்த நாள் சில குழந்தைகளுக்கு அச்சமாகவே முடிகிறது. சிறப்பு ஒலிம்பிக் இயக்கத்தின் கலப்பு அணி முறையில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தைவிட அந்த முறை நமக்கு அதிகம் பொருந்தும்.

இவ்வளவையும் தாயின் தலையில் கட்டுவது இன்னொரு அநீதி. சமையல், பட்டு நூல் சுற்றுதல், மற்றப் பிள்ளைகளின் படிப்பு, இவற்றோடு தெரபிஸ்ட் சொன்ன வீட்டுப் பயிற்சி, இப்போது மாலை விளையாட்டும். அம்மா எதிரே நின்று பந்து எறிவது அன்பு. ஆனால் அம்மா எப்படி எறிந்தாலும் பிள்ளைக்கு ஏற்ற மாதிரியே எறிவாள். அவன் தவறாக எறிந்தால் சிணுங்கவும், நன்றாக எறிந்தால் துள்ளவும், சலிப்பு வந்தால் போகலாம் என்று சொல்லவும் அவன் வயதுள்ள குழந்தை வேண்டும். பெண் குழந்தைகள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். அவர்களிடம் ஆட்டிசம் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. கண்டறிந்து இரண்டொரு வருடத்துக்குள் வயதுக்கு வந்துவிட்டாள் என்று தெருவைவிட்டே உள்ளே அழைத்துக்கொள்கிறோம்.

நெசவாளர் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். அதற்காகவே நீளமாக அமைந்த தெரு. மாலையில் அங்கே இடமும் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒன்றிய வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் மாதத்துக்கு இருமுறையாவது மையத்தில் உட்கார்வதற்குப் பதிலாக அந்தத் தெருவுக்கு வர வேண்டும். வந்து ஆட்டிசக் குழந்தைக்கு மட்டும் பயிற்சி தராமல், அதே தெருவில் மாறாமல் இருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும்: பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறு, முறையைக் கையால் காட்டு, காதைப் பொத்திக்கொண்டால் விட்டுவிடு, நாளைக்கும் வந்து கூப்பிடு. தினமும் ஒரே நேரம், அரை மணி, அதே ஆட்டம். குழந்தையின் பதிவேட்டில் புதிதாக எத்தனை சொல் பேசினான் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும்: இந்த வாரம் அவனாகப் போய் விளையாடக் கேட்டது எத்தனை முறை, மற்றப் பிள்ளைகள் வாசலில் வந்து அவனைக் கூப்பிட்டது எத்தனை முறை.