தென்னமரத்துத் துரையின் நாவலும் எல்லை தாண்டாத உரிமையும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டம் அமைத்து, 1917இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே. தோட்டத்தின் பெயரே தமிழ் என்பது நோக்கத்தக்கது. ‘மலேசி’ என்னும் நாவலுக்காக 1930இல் அவர் கோன்கூர் பரிசு பெற்றார். அந்நாவலில் தமிழ்த் தொழிலாளர் உலவுகின்றனர். ஆயினும் அவர்களைக் காண்பவை துரைமாரின் கண்களே. லய வாழ்வை அறிந்தோர் அதனைத் தமிழாக்கி, தம் குறிப்புரையுடன் வெளியிடுதல் தகும். அதற்கு யாருடைய இசைவு வேண்டும்?

ஆசிரியர் மறைந்தது 1973இல். மறைவுக்குப் பின் ஐம்பது ஆண்டு என்னும் மலேசியச் சட்டப்படி உரிமை 2023 முடிவோடு காலாவதியாயிற்று. இந்தியாவில் அறுபது ஆண்டு. ஆதலின் 2033 முடியும்வரை உரிமை உண்டு. பிரான்சில் எழுபது.

காலாவதி வேறு, உரிமை தீர்தல் வேறு. உரிமையாளரே ஒரு படியை விற்றுவிட்டால், அப்படியின் மறுவிற்பனையைத் தடுக்கும் அவருடைய அதிகாரம் தீர்ந்துபோகிறது. பழம்புத்தகக் கடைகள் நிலைபெறுவது இதனாலேதான். ஆனால் எந்த எல்லைவரை தீர்கிறது? இங்கேதான் நாடுகள் பிரிகின்றன. தாய்லாந்தில் மலிவாக வாங்கிய பாடநூல்களை அமெரிக்காவில் விற்ற மாணவர் கிர்ட்சேங்கின் வழக்கில், எங்கே விற்றாலும் உரிமை தீரும் என 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. டெல்லி உயர் நீதிமன்றமோ 1984இல், பெங்குயின் வழக்கில், அமெரிக்கப் பதிப்புகளின் இறக்குமதியைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒன்றியத்துக்குள் நடந்த விற்பனைக்கே அவ்விளைவு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டமோ, இந்நாட்டில் முன்பு புழங்காத படியை முதலில் புழக்கத்தில் விடுவதை மட்டுமே உரிமையாளர்க்கு ஒதுக்குகிறது.

டெல்லித் தீர்ப்பின் சுமை மாணவன் தலையிலேயே விழுகிறது. எனினும், ஏழை நாடுகளுக்கான மலிவுப் பதிப்புகள் செல்வ நாடுகளுக்குத் திரும்பிப் பாயுமாயின், பதிப்பாளர் அவற்றை அச்சிடுவதையே நிறுத்தக்கூடும் என்னும் எதிர்வாதத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

ஃபோக்கோனியேயின் தமிழாக்கத்துக்கு இவற்றுள் எதுவும் துணைவராது. இசைவின்றி அச்சிட்ட நூலில் தீர்வதற்கு விற்பனை உரிமை எதுவும் இராது. கோலாலம்பூரில் அச்சிட்ட படி பெஸ்தாரி ஜெயாவிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குத் தடையின்றிச் செல்லும். அதே படி விற்பனைக்காகச் சென்னை சென்றால் உரிமை மீறலாகும். சென்னைக் கடைகளுக்கு அனுப்ப விரும்புவோர் ஃபோக்கோனியேயின் உரிமையாளரிடம் இசைவு பெறல் வேண்டும். அன்றேல் 2034 சனவரிவரை பொறுத்திருத்தல் வேண்டும். தோட்டத்து வாசகருக்காகத் தொடங்குவோர்க்கு அக்காத்திருப்பு இல்லை.