கைத்தொலைபேசியில் எடுத்த சிரிப்பு: மாணவர் நகைச்சுவைக் காணொளியை ரசிப்பது எப்படி?

தமிழ் வகுப்புக்காக நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு எடுக்கும் மூன்று நிமிட நகைச்சுவைக் காணொளிக்கு வீட்டில் கிடைக்கும் பாராட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: "பரவாயில்லை, பிள்ளைகள்தானே." காசில்லாமல் எடுத்ததை மன்னித்துப் பார்க்கிறோம் என்றுதான் அதற்குப் பொருள். மன்னிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் வாதம். திரைக்கலையில் காசை மிகக் குறைவாகக் கேட்பது நகைச்சுவை. போர்க் காட்சிக்குப் படை வேண்டும். சரித்திரக் கதைக்கு அரண்மனை வேண்டும். சிரிப்புக்கு வேண்டியவை ஒரு முகம், ஓர் இடம், எந்த நொடியில் எதைக் காட்டுவது என்ற கணிப்பு, பேச்சின் நயத்தைப் பிடிக்கும் காது. இவை நாலும் சென்னைப் படப்பிடிப்புத் தளத்தில் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு மலேசியாவின் வட சிலாங்கூரில் உள்ள சுங்கை ஆயர் தாவாரிலும் கிடைக்கும். கருவியை அளப்பதை விட்டு, எடுத்தவர்களின் முடிவுகளைக் கவனிக்கத் தொடங்கினால், இந்தக் காணொளிகளை முழு மரியாதையோடு ரசிக்கலாம்.

முதலில் முகம். ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' 1964இல் ஈஸ்ட்மென் கலரில், ஆழியாறு அணையின் அழகையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது. அறுபது ஆண்டு கழித்தும் ஜனங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது எதை? 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' தொடங்கிய செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைத்தான். செல்லப்பாவாக நாகேஷ், அப்பாவாகப் பாலையா, ஓர் அறை, அவ்வளவே. கதைக்கான சத்தங்களை நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். பேய் திரையில் ஒரு தடவைகூடத் தலைகாட்டுவதில்லை. பாலையாவின் முகத்தில்தான் அது வந்து போகிறது. சொல்கிறவரிடம் தொடங்கும் சிரிப்பு, கேட்கிறவரிடம் முற்றுகிறது. ஆகவே மாணவர் காணொளியிலும் பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள். அவர் தன் வசனத்துக்காகக் காத்து நிற்கிறாரா, உண்மையிலேயே கேட்டுத் திகைக்கிறாரா? ஒரு வரி வசனமும் இல்லாமல் ஓரமாக நிற்கும் பிள்ளைதான் பல நேரங்களில் அந்தக் குழுவின் சிறந்த நடிகர்.

அடுத்து இடம். வட சிலாங்கூரின் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை வெறும் பின்னணி. நகைச்சுவைக்கோ அவை ஆயத்தமான அரங்கு. செம்பனையை முக்கோண முறையில், மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுவார்கள். அதனால் எங்கே நின்றாலும் பல திசைகளில் நேர்ச்சந்துகள் திறக்கும். தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டலுக்குப் பயந்து ஒளியும் ஒருவனின் கதை என்று வைத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியைத் தூரத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, தண்டல் ஒரு சந்தில் நடக்க, இவன் அடுத்த சந்தில் பதுங்கிப் பதுங்கிப் போக, இருவருக்கும் நடுவே ஒரே ஒரு மரம் நின்றால் போதும். வெட்டாமல் காட்டினால் சிரிப்பு தானாக வரும், ஏனென்றால் இருவரையும் ஒருசேரப் பார்ப்பவர் நாம் மட்டுமே. அதையே கிட்டத்தில் போய்த் துண்டு துண்டாக எடுத்தால் அந்த வேடிக்கை செத்துவிடும். எங்கே நிறுத்துவது, எங்கே வெட்டாமல் பொறுப்பது என்ற தீர்மானத்துக்கு ஒரு காசு செலவில்லை.

"எல்லாம் வடிவேலுவைப் பார்த்துக் காப்பியடிப்பதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வடிவேலுவின் வசனத்தை ஓடவிட்டு வாயசைத்தால், அங்கே சிரிக்க வைப்பவர் வடிவேலு. ஆனால் போலச்செய்தல் எல்லாம் ஒரே வகையல்ல. மகாராஷ்டிரத்தில் விசைத்தறிகளின் ஊரான மாலேகாவில் நாசிர் ஷேக்கும் நண்பர்களும் புகழ்பெற்ற 'ஷோலே'யைத் தங்கள் ஊருக்கு இறக்கி எடுத்தார்கள். பிறகு 'சூப்பர்மேன்' எடுத்தபோது, மெலிந்த தறித் தொழிலாளி ஒருவரே நாயகன். ஊரைக் கெடுக்கும் புகையிலையோடு அவர் மோதினார். கேமராவை நகர்த்த சைக்கிள், மேலே தூக்க மாட்டுவண்டி. இதையெல்லாம் ஃபைஸா அகமது கானின் 2008ஆம் ஆண்டு ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. ஆகவே மாணவர் காணொளியில் கேட்க வேண்டியது, எடுத்துக்கொண்டதில் தங்கள் ஊரைச் சேர்த்தார்களா என்பதே. தோட்டத்துக் காலைப் பெரட்டும் பசியாறும் கடையும் உள்ளே வந்துவிட்டால் அது அவர்களுடைய நகைச்சுவை.

இன்னொரு தடை ஆசிரியர்களிடமிருந்து வரும்: மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சுத்தமிழ் வகுப்புக்குள் வரலாமா? ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களுக்குத் துணை நின்ற தமிழ், இடைநிலைப்பள்ளியில் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே கட்டுரைத் தமிழை மட்டும் வளர்த்தால் போதாது. ரொட்டி சானாய் கடையில் ஒருவன் தூய செந்தமிழில் சாப்பாடு கேட்க, எதிரில் இருப்பவன் தோட்டத்துப் பேச்சில் பதில் சொல்லும் காட்சியை எழுத வேண்டுமானால், இரண்டையும் பிழையில்லாமல் அறிந்திருக்க வேண்டும். செந்தமிழ் தடுமாறினால் அங்கே சிரிப்பு வராது. மலேசியத் தமிழ்ப் பேச்சைக் கூச்சமில்லாமல் திரையில் வைத்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015), மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. நம் பேச்சுக்குக் கலையைத் தாங்கும் வலு உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அதற்காக எல்லாவற்றையும் புகழச் சொல்லவில்லை. இல்லாமை வேறு, அக்கறையின்மை வேறு. நல்ல ஒலிவாங்கி இல்லாதது இல்லாமை. காற்று அடிக்கும் திடலில் நின்று வசனத்தை விழுங்கவிட்டது அக்கறையின்மை, நாலடி தள்ளிச் சுவரோரம் நின்றிருக்கலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கறுப்பு, குண்டு, குடிகார அப்பா, பெண் வேடமிட்ட ஆண் என்று தமிழ் சினிமா பல காலம் பழக்கிவைத்த இளக்காரத்தை அப்படியே எடுத்துக் கையாளும் காணொளிக்குச் சிரிப்பு கிடைக்கலாம்; மதிப்பெண் கிடைக்கக் கூடாது. வலியவனைப் பார்த்துச் சிரிக்கிறோமா, எளியவனைப் பார்த்தா என்று கேட்பது ரசனையின் ஒரு பகுதி. இளையவர்கள்தானே என்று அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுவதும் அவர்களை மதிக்காததே.

அடுத்த முறை ஒரு மாணவர் காணொளி புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தால் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை நிறுத்தாமல், சிரிப்பு வந்த இடத்தில் சிரித்தபடி. இரண்டாம் தடவை, அந்தச் சிரிப்பு எந்த முடிவால் வந்தது என்று தேடியபடி: கேட்டவர் முகமா, கேமரா நின்ற தூரமா, வெட்டிய நொடியா, பேச்சின் திருப்பமா? கண்டுபிடித்ததை எடுத்தவர்களிடம் சொல்லுங்கள். "நன்றாக இருக்கிறது" என்பதைவிட, "அந்த இடத்தில் வெட்டாமல் விட்டீர்களே, அதுதான் சரி" என்ற ஒரு வரி, அவர்களை அடுத்த காணொளிக்குத் தயார்ப்படுத்தும்.