தோற்றவன் உருவம்

நவராத்திரி வந்ததும் சாங்வித் தெருப்பந்தல்களிலும் நம் இல்லக் கொலுப்படிகளிலும் மகிடாசுரன் தேவியின் காலடியில் கிடக்கக் காண்கிறோம். நம் பிள்ளைகளும் அவனைப் பிதுங்கிய விழியும் திறந்த வாயுமாகவே வரைகின்றனர். தோல்வியை முகத்தில் காட்டிவிடுதல் எளிது. உடலில் காட்டுதல் அரிது.

மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில், 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அந்த அரிய செயலைச் செய்திருக்கிறான். சிங்கத்தின்மேல் எண்கரத்தாளாய், வில்லை வளைத்து வருகிறாள் கொற்றவை. எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாய் மகிடன். உருவத்தில் அவளினும் பெரியவன். அவன் தலைமேல் அரசக்குடை இன்னும் நிற்கிறது. இரு கைகளும் கதையை விடவில்லை. ஆயினும் பேருடல் பின்வாங்கிச் சாய்கிறது. முகம் மட்டும் அவளை நோக்குகிறது. எருமைத் தலையைக் கையால் மறைத்துப் பாருங்கள். அப்போதும் தோற்பவன் இவனே என்பது விளங்கும். தோற்கிறான், ஆனால் பணியவில்லை. அவனைச் சிறுமைப்படுத்தாததனாலேயே தேவியின் வெற்றியும் பெரிதாகிறது.

அவ்வூரின் திரிமூர்த்தி குகையிலோ கொற்றவை எருமைத் தலைமேல் நிற்கிறாள். வழிபாட்டுருவம் என்ற அளவில் அது மிக அழகியது. ஆனால் தோற்றவன் அங்கே பீடமாகிவிட்டான். அவனைப் பற்றிச் சொல்ல அச்சிற்பிக்கு எதுவுமில்லை.

புணேயில் வாழும் நமக்கு மாமல்லையினும் எல்லோரா அண்மையது. அங்கே 16-ஆம் குகையான கயிலாயநாதர் கோயிலில், இராவணன் மலையைப் பெயர்க்கிறான். மேலே உமையவள் அஞ்சி இறைவன் கையைப் பற்றுகிறாள், தோழி ஓடுகிறாள். விரலால் நசுக்குண்ட பின் அவன் இசைபாடிப் பணிந்தான் என்பது கதை. சிற்பி அந்தப் பணிவை விடுத்து, பல கைகளும் விரிந்து முயலும் கணத்தையே தேர்ந்தான். ஏன்? மண்டியிட்டுக் கைகூப்பியவனை வடித்தால், அவன் அடியவனா, தோற்று அடிமையானவனா என்பதை உருவக்கோடு மட்டும் சொல்லாது. இரண்டிற்கும் வளைவு ஒன்றே. சரணடைதலை வரைய முனைவோர்க்கெல்லாம் இன்றும் நிற்கும் இடர் இது. எல்லோராச் சிற்பி அதைத் தீர்த்தான் என்பதைவிட, அறிந்து விலகினான் என்றே நாம் கருதுகிறோம்.

விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோர், ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, இராவணனின் முகங்களை விட்டுத் தோள்களை மட்டும் வரையச் சொல்லலாம்.